நிதானம் போன பிறகு வெளியே வருவதுதான் உண்மையான மனுஷனா?

வைகைக்கரையாள், மதுரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தை வெளியே எழுதலாமா என்று ஒரு மாசமாக யோசித்தேன். அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதிக்கு மேல் மதுரை–தேனி ரோடுதான். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று வழியெல்லாம் அவரைத் தெரிந்தவர்கள். கூட்டத்தில் யார் என்ன திட்டினாலும் "இறங்கும்போது வாங்கிக்கங்கம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மிச்சச் சில்லறையை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பார். வாங்காமல் இறங்கிப் போகிறவர்களை விசில் ஊதி வண்டியை நிறுத்தி, கூப்பிட்டுக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் எங்களை வாடி போடி என்றுகூடச் சொன்னதில்லை. அம்மாவை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மூணு வருஷம் முன்னாடி மாற ஆரம்பித்தார். முதலில் இனிப்பு ஆசை. சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்கிற அளவுக்குப் போனது. பிறகு ஒரு துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சிரித்தார். போன வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையின் முன்பக்கம் சுருங்கியிருக்கிறது, இதுவும் டிமென்ஷியாவில் ஒரு வகை என்றார்.

இப்போது அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். அந்த வார்த்தைகளை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "எவன் வந்துட்டுப் போனான்?" என்று கேட்கிறார். பால் ஊற்றுகிறவர் வாசலில் நின்றால் அன்றைக்கு முழுக்கச் சண்டை. அம்மாவுக்கு 66 வயது.

போன மாசம் பெரியத்தை வந்திருந்தபோது இதெல்லாம் நடந்தது. பார்த்துவிட்டு, "சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. விடியற்காலையில் என்னிடம் கேட்டது இதுதான்: "நாப்பத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ள இதைத்தான் வச்சிருந்தாராடி?"

இல்லம்மா என்று சொன்னேன். ஆனால் எதை வைத்து இல்லை என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருத்தருடைய உண்மையான குணம் எதில் தெரியும்? கட்டுப்பாட்டோடு இருந்த நாற்பது வருஷத்திலா, கட்டுப்பாடு போன இந்த மூணு வருஷத்திலா?


இரவுப்பணி, ஓசூர்

அக்கா, மனசு கஷ்டப்படும் என்று தெரிந்தும் சொல்கிறேன், மன்னியுங்கள். நான் பார்த்த வரையில் கோபத்திலும் குடியிலும்தான் மனுஷன் முழுசாகத் தெரிகிறான். எங்கள் ஷிஃப்டில் ஒருவர், பகலில் தம்பி தம்பி என்று உருகுவார். ரெண்டு ரவுண்டு உள்ளே போனால் ஒவ்வொருத்தன் சாதியையும் சொல்லித் திட்டுவார். அடுத்த நாள் "போதையில பேசிட்டேன்" என்பார். போதை புதுசாக ஒன்றையும் உள்ளே வைப்பதில்லை. இருந்த மூடியைத் திறக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் கேள்வியில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.


நெல்லைச் செவிலி

வைகைக்கரையாள், முதலில் உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். 19 வருஷமாக வார்டில் இருக்கிறேன். இந்தச் சந்தேகப் பேச்சுக்கு அழாத மனைவியை நான் பார்த்ததில்லை.

1901-இல் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரிக்கு ஆகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோய்ஸ் அல்சைமர். அந்த நோய்க்கே பிறகு அவர் பெயர் வந்தது. அந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்த அறிகுறி மறதி அல்ல, கணவர் மேல் சந்தேகம் என்று அல்சைமர் எழுதி வைத்திருக்கிறார். மறதி, குழப்பம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. "என்னையே நான் தொலைச்சுட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதாவது, அல்சைமர் என்று பெயர் வாங்கிய முதல் நோயாளியின் வீட்டிலேயே உங்கள் வீட்டுச் சண்டை நடந்திருக்கிறது. உங்கள் அம்மா மேல் அப்பாவுக்கு 45 வருஷமாக உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது என்று இதற்கு அர்த்தமே கிடையாது. நடந்ததைக் கோத்துப் பார்க்கிற இடம் பழுதாகிவிட்டது. வாசலில் ஒரு ஆளைப் பார்க்கிறார், ஏன் நிற்கிறார் என்று விளங்கவில்லை. விளங்காத இடத்தை மூளை ஏதோ ஒரு கதையைப் போட்டு நிரப்புகிறது.

கெட்ட வார்த்தை விஷயம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைப் பாருங்கள். பிள்ளை பெயர் வராது, "தண்ணி" என்று கேட்க வராது. ஆனால் கோபம் வந்தால் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வரும். சிலருக்கு ஒன்று, இரண்டு, மூன்று வரும், சாமி பாட்டு வரும். 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த ஒரு நோயாளிக்கு "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறு பேச்சு இல்லை. கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு வந்துவிடும். யோசித்துப் பேசுகிற பேச்சும் தானாக வருகிற பேச்சும் மூளையில் ஒரே வழியில் போவதில்லை. உங்கள் அப்பா முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர். காதில் விழாத வசவு உண்டா? காதில் விழுந்ததெல்லாம் உள்ளே கிடக்கும். அதை வாயில் எடுக்காமல் இருந்தவர் அவர்.

இன்னொன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சமீபத்தில்தான் திடீரென்று அதிகமானது என்றால், எல்லாம் அந்த நோய்தான் என்று விட்டுவிட வேண்டாம். சிறுநீரில் கிருமித் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, மலச்சிக்கல், எங்காவது வலி, புதுசாகக் கொடுத்த மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். வயசானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் குழப்பமாக மட்டும் இது வரும். யூரின் டெஸ்ட், சோடியம், பி12, தைராய்டு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.


இரவுப்பணி, ஓசூர்

சிஸ்டர், நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். கெட்ட வார்த்தையை வாயில் எடுக்காமல் தடுக்கிற பிரேக் முன்மூளைதான் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பழுதானதும் வண்டி உருள்கிறது. உருள்கிற இழுப்பு முன்னாடியே இருந்ததுதானே? பிரேக் பழுதானதால் சமதரை சரிவாக மாறாதே.


உரைகல், கோயமுத்தூர்

தம்பி, நான் நகைப் பட்டறைக்காரன். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாதுங்க. எங்கள் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன்.

ஒரு தடவை எங்கள் பக்கத்தில் ஒரு வீடு எரிந்து, சாம்பலில் இருந்து எடுத்த நகையை ஒரு அம்மா புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். அவர் கல்யாணச் சங்கிலி. கண்ணி கண்ணியாக உதிர்ந்து, கைப்பிடி அரிசி மாதிரி கிடந்தது. "ஏமாத்திட்டாங்களா ஆசாரி, இது நல்ல தங்கமே இல்லையா?" என்று அழுதார். உரைகல்லை எடுத்து ஒரு கண்ணியை உரசினேன். பக்கத்திலேயே மாற்று (தரம்) தெரிந்த தங்கத்தை ஒரு கோடு இழுத்தேன். ரெண்டு கோட்டின் மேலும் திராவகம் ஒரு சொட்டு. மட்டத் தங்கமாக இருந்தால் கோடு கரைந்து பச்சையாக ஓடும். ஓடவில்லை. ரெண்டும் ஒரே மஞ்சளில் நின்றது. நல்ல 22 காரட்.

பிறகு ஏன் உதிர்ந்தது? ஒவ்வொரு கண்ணியையும் பொடி வைத்து ஊதித்தான் பற்ற வைப்போம். அந்தப் பொடி தங்கத்துக்கு முன்னாலேயே உருகணும். இல்லாவிட்டால் பற்ற வைக்கும்போது நகையே உருகிப் போகும். அதனால் தீயில் முதலில் விடுவது பற்றுத்தான். தங்கம் அப்படியே இருக்கும், சங்கிலி இருக்காது. உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து "இது என்றைக்குமே சங்கிலி இல்லை, வெறும் வளையங்கள்தான்" என்று சொன்னால் சரியாகுமா? நாற்பது வருஷம் அந்த அம்மா கழுத்தில் கிடந்தது சங்கிலிதானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நகையை ஒரே ஒரு இடத்தில் உரசித் தரம் சொல்ல மாட்டோம். மேலே முலாம் இருந்தால் கல் ஏமாறும். அரத்தால் கீறி உள்ளேயும் உரசணும், கொக்கியைத் தனியாக உரசணும். இப்போது 916 முத்திரை, எந்திரம் எல்லாம் வந்துவிட்டது. இருந்தாலும் பழைய நகை வந்தால் எனக்குக் கல்லில் உரசினால்தான் மனசு ஆறும்.


கடற்கரை நூலகம், சென்னை

உளவியல் முதுகலை முடித்துவிட்டு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். இழையைத் தொடங்கிய அக்காவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு ஆய்வு 2015-இல் வந்தது. ஸ்ட்ரோமிங்கர், நிக்கோல்ஸ் என்ற இருவர் செய்தது. மூளை, நரம்பு நோய்கள் வந்தவர்களின் குடும்பத்தார் 248 பேரிடம் "இவர் இன்னும் அதே ஆள்தானா?" என்ற கோணத்தில் கேட்டார்கள். சிலர் வீட்டில் அல்சைமர், சிலர் வீட்டில் தசை இயக்கம் போகிற நோய், சிலர் வீட்டில் உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற முன்மூளை வகை. பெயரை, முகத்தை, பழைய சம்பவங்களை மறந்தவர்களைப் பற்றிக்கூடக் குடும்பத்தார் "அவர்தான், மறதி வந்துவிட்டது" என்ற மாதிரியே பதில் சொன்னார்கள். இரக்கம், நேர்மை, விசுவாசம் மாறியபோதுதான் "இது வேற யாரோ" என்ற உணர்வு வந்தது. அந்த உணர்வு அதிகம் இருந்தது முன்மூளை வகை வந்தவர்களின் வீடுகளில்.

ஆக, நாம் ஒருத்தரை அவர் என்று அடையாளம் காண்பது ஞாபகத்தை வைத்து இல்லை, மற்றவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் முறையை வைத்துத்தான். உங்கள் அம்மாவுக்கு இவ்வளவு வலிப்பதற்குக் காரணமும் அதுவே. அப்பா அவருடைய பெயரை மறந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

இரவுப்பணி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். "மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும்" என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். போதை பற்றி 1990-இல் ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்ற இருவர் சொன்ன விளக்கம் வேறு. போதை உண்மையைத் திறப்பதில்லை, பார்வையைச் சுருக்குகிறது. கண்ணுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். நாளைக்கு இவன் முகத்தில் எப்படி முழிப்பது, இவனுக்கு வலிக்குமே என்பதெல்லாம் பார்வையை விட்டுப் போய்விடும். அந்த "வலிக்குமே" என்ற எண்ணமும் அந்த ஆளுடையதுதான். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உண்மை என்று எப்படி எடுத்துக்கொள்வது? (உங்கள் ஷிஃப்ட்காரரை நான் காப்பாற்ற வரவில்லை. அடுத்த நாள் தெளிந்த புத்தியோடு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.)

நல்லவர்கள் விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்த 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1973-இல் வெளியிட்டார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் கதை பைபிளில் இருக்கிறதே, அவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றிப் பேசத்தான் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார்கள். வழியில் ஒருத்தர் முனகிக்கொண்டு சுருண்டு கிடப்பது போல ஏற்பாடு. நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "லேட்டாகிவிட்டது, ஓடு" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அந்தக் கதையைப் பேசப் போனவர்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நிமிஷத்தை வைத்து ஒருத்தர் குணத்தை எழுதிவிட முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்.


இரவுப்பணி, ஓசூர்

அப்படியென்றால் எதை நம்புவது? சூழ்நிலை, நேரம், மூளை என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டே போனால் மனுஷனுக்குக் குணம் என்று ஒன்று இல்லாமலே போய்விடும். யாரும் பார்க்காத இடத்தில் என்ன செய்கிறானோ அதுதான் அவன். அதையாவது ஒத்துக்கொள்வீர்களா? யாரும் பார்க்காவிட்டால் பத்தில் ஒன்பது பேர் கையை நீட்டிவிடுவான் என்பது என் அனுபவம்.


கடற்கரை நூலகம், சென்னை

"யாரும் பார்க்காத இடம்" என்பதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அந்தப் பத்தில் ஒன்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019-இல் 40 நாடுகளில் 17,000-க்கும் மேல் "தொலைந்த" பர்ஸ்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. கண்ணாடி போல உள்ளே தெரிகிற உறையில் ஒரு சாவி, ஒரு மளிகைப் பட்டியல், உரியவரின் முகவரி அட்டை. ஓட்டல், வங்கி, தபால் நிலையம் போன்ற இடங்களில் வரவேற்பில் இருப்பவரிடம் "வழியில் கிடந்தது, நான் அவசரமாகப் போகணும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பணம் இல்லாத பர்ஸ் வந்தால் 40 சதவீதம் பேர் உரியவருக்குத் தகவல் கொடுத்தார்கள். பணம் இருந்த பர்ஸுக்கு 51 சதவீதம். மூன்று நாடுகளில் தொகையை இன்னும் கூட்டியபோது இன்னும் அதிகம், 72 சதவீதம். பணம் கூடினால் தகவல் கொடுப்பவர்களும் கூடுவார்கள் என்று பொருளாதார நிபுணர்கள்கூடக் கணிக்கவில்லை. "நான் திருடன் ஆகிவிடக் கூடாது" என்று தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கிற எண்ணம் அவ்வளவு பலமானது.

அக்கா அப்பா செய்ததும் இதுதான் இல்லையா? ரெண்டு ரூபாய் மிச்சத்துக்கு விசில் ஊதி வண்டியை நிறுத்த எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் சொல்லியிருக்க மாட்டார்.


தனிவழி

இந்த இழையை நேற்றே படித்தேன். எழுத வேண்டாம் என்று மூடி வைத்தேன். திரும்பத் திரும்ப மனசுக்குள் வருகிறது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு நேர் தலைகீழ். என் அப்பா ஊரில் பெரிய மனுஷர். பஞ்சாயத்துக்கு அவரைக் கூப்பிடுவார்கள். கோயில் கணக்கை அவர் கையில்தான் கொடுப்பார்கள். வீட்டில் அம்மாவை அடிப்பார். சாப்பாட்டுத் தட்டில் தலைமுடி கிடந்தால் தட்டு சுவரில் இருக்கும். 35 வருஷம். திருப்பி அடிக்க முடியாதவரிடம் எப்படி நடந்துகொள்கிறாரோ அதில்தான் ஒரு மனுஷன் தெரிவான் என்று நான் நம்புகிறேன். எங்களைப் பொறுத்தவரை உரைகல் வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

அவருக்கு 70 வயசில் மறதி நோய் வந்தது. ஆள் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவார். "நீங்க நல்லவங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அம்மா யாரென்றே தெரியாமல் கேட்பார். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பார்த்தியா, உள்ளுக்குள்ள தங்கமான மனுஷன், வெளியில்தான் முரட்டுத்தனம்" என்றார்கள். என் சித்தப்பா அம்மாவிடமே அதைச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் அவருக்குக் காபி கொடுத்தார்.

நோயில் வெளியே வருவதுதான் உண்மை என்றால், என் அப்பா உண்மையில் சாதுவானவர். அப்போது என் அம்மாவின் உடைந்த மணிக்கட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் அதை ஏற்க மாட்டேன். அடித்தபோது அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. வெளி ஆள் வந்தால் கையை இறக்கத் தெரிந்திருந்தது. இறக்கத் தெரிந்தவர் இறக்காமல் இருந்தார். அதுதான் என் அப்பா. கடைசி நாலு வருஷம் எங்களுக்குக் கிடைத்த அமைதிக்கு நான் நோய்க்குத்தான் நன்றி சொல்வேன், அவருக்கு இல்லை.

அதே அளவுகோலைத்தான் உங்கள் அப்பாவுக்கும் வைக்க வேண்டும் சகோதரி. புத்தி தெளிவாக இருந்தபோது அவர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். இப்போது வருகிற வசவை அவர் பேரில் எழுதாதீர்கள்.


அஞ்சல்காரர், ஓய்வு, திருவாரூர்

தனிவழி, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தாயீ. உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

ஆசாரி தம்பி உரைகல் என்றதும் எனக்குக் குறள்தான் ஞாபகம் வந்தது. தெரிந்துதெளிதல் அதிகாரம், 505-ஆவது:

பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம்
கருமமே கட்டளைக் கல்.

கட்டளைக்கல் என்றால் பொன்னை உரசிப் பார்க்கிற உரைகல்தான். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ணியபோது "செயல்தான் முக்கியம்" என்று எழுதி மார்க் வாங்கினேன். இப்போது "தத்தம் கருமம்" என்ற சொல்லில் நின்று யோசிக்கிறேன். அவரவர் செய்தது. தனக்கு நேர்ந்தது அல்ல, தான் செய்தது. காய்ச்சலில் பிதற்றுவது கருமம் ஆகுமா? அது நேர்ந்தது. கூட்டத்தில் வசவு வாங்கிக்கொண்டு பதிலுக்கு வசவு சொல்லாமல் டிக்கெட் கிழித்தது, அது கருமம். அதற்கு முந்தின குறளில் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதை எடுத்துக்கொள் என்கிறார். குற்றமே இல்லாத ஆளைத் தேடச் சொல்லவில்லை.

இரவுப்பணி தம்பிக்கும் ஒரு வார்த்தை. சரிவு எல்லார்க்கும் உண்டு. எனக்கும் உண்டு. 38 வருஷத்தில் என் சைக்கிளை மறித்துத் திட்டியவர்களை மனசுக்குள் நான் என்னென்ன திட்டியிருப்பேன் தெரியுமா? வெளியே சொன்னதில்லை. நாளைக்கு எனக்கும் அந்த வியாதி வந்தால் அதெல்லாம் வரும். அப்போது என் பிள்ளைகள் என்னை எதை வைத்து எடை போட வேண்டும் என்று நீயே சொல்லு.


மலைக்கோட்டை வாசி

அந்தப் பழமொழியே திரிந்தது, "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பதுதான் மூலம், கருப்பையைச் சொன்னது என்பார்களே?


அஞ்சல்காரர், ஓய்வு, திருவாரூர்

அப்படி ஒரு விளக்கம் சுற்றுகிறது. எங்கள் வீட்டில் என் ஆத்தா சொன்னது சட்டியும் சோறும்தான். இல்லாத வீட்டில் கொடுக்க என்ன இருக்கும் என்று, பஞ்ச காலத்தில் சொன்ன பேச்சு. மனுஷன் மனசு ஒரு சட்டி, நோய் அதற்கு அகப்பை என்று எந்த ஆத்தாவும் சொன்னதில்லை. பெரியத்தை கோபத்தில் சொல்லியிருப்பார். தம்பியை அந்தக் கோலத்தில் பார்த்த அதிர்ச்சி அவருக்கும் இருக்கும். அவரையும் அந்த ஒரு வார்த்தையில் உரச வேண்டாம்.


இரவுப்பணி, ஓசூர்

ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும். என் அப்பா கடைசி ரெண்டு நாள் ஐசியூவில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். அதுதான் அவர் மனசில் இருந்த உண்மை என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டர், ரத்தத்தில் உப்பு குறைந்தால் குழப்பம் வரும் என்று எழுதினீர்களே, கிட்னி ஃபெயிலியரிலும் அப்படி வருமா?


நெல்லைச் செவிலி

வரும் தம்பி. யூரியா ஏறினால் ஆளே மாறிப் பேசுவார்கள். அதோடு ஐசியூவில் ராத்திரி பகல் தெரியாது, தூக்கம் கிடையாது, கையில் காலில் ஊசி. பெற்ற பிள்ளையைத் தன்னைக் கட்டிப்போட வந்தவன் என்று நினைத்துத் திட்டுகிறவர்களை வாரத்துக்கு ஒருத்தரையாவது பார்க்கிறேன். அப்பா உன்னிடம் நல்லபடியாகப் பேசிய கடைசி நாள் எது என்று யோசித்துப் பார். அந்த நாளை வைத்துக்கொள்.


வைகைக்கரையாள், மதுரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனிவழி எழுதியதை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முடித்ததும் "அந்தப் பொண்ணோட அம்மா இப்ப நல்லா இருக்காங்களாமா?" என்று கேட்டார்.

டெஸ்ட் எடுத்தோம். சிறுநீரில் தொற்று இருந்தது, சோடியமும் குறைவாக இருந்தது. மருந்து ஆரம்பித்து ஐந்தாம் நாள் ராத்திரி அப்பா தூங்கினார். வசவு முழுசாக நின்றுவிடவில்லை. பாதியாகக் குறைந்திருக்கிறது. மூளைச் சுருக்கம் இனி திரும்பாது, போகப்போகக் கூடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பால்காரரை வாசலுக்கு வர வேண்டாம், கேட்டில் மாட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

முந்தாநாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு மேல்தான் அப்பாவுக்குக் குழப்பம் அதிகமாகும். எழுந்து நடையில் இப்படியும் அப்படியும் நடந்தார். இடது கையில் விரல் இடுக்கில் நோட்டை நீளவாக்கில் மடித்துச் செருகியிருப்பாரே, அதே மாதிரி தினசரிக் காலண்டர் தாள்களை மடித்துச் செருகியிருந்தார். அம்மா சுவரோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா அவர் முன்னால் வந்து நின்று "எங்கம்மா போகணும்?" என்றார்.

முன்பெல்லாம் அம்மா "நான்தாங்க, இது வீடுங்க" என்பார். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்து, "உசிலம்பட்டி ஒண்ணு குடுங்க" என்றார்.

அப்பா ஒரு தாளைக் கிழித்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். இல்லை. என் பையனின் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். தாளைச் சுவரில் வைத்து, பின்பக்கம் ஏதோ எழுதி அம்மாவிடம் நீட்டினார். "சில்லறை இல்லம்மா. இறங்கும்போது மறக்காம வாங்கிக்கங்க" என்றார். அம்மா வாங்கிக்கொண்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் 3 என்று தெரிந்தது.

ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப் போகும்போது அப்பா கதவருகே நின்று, "அந்த உசிலம்பட்டி அம்மா இறங்கிட்டாங்களா? அவங்களுக்கு மூணு ரூபா குடுக்கணும்" என்று என்னிடம் கேட்டார். அம்மா உள்ளேயிருந்து, "இன்னும் இறங்கலைன்னு சொல்லு" என்றார்.